நிற்கும்போது நடுங்கும் கார்

வீதியிலே ஒழுங்காக ஓடிவிட்டு, சந்தியில் நிறுத்தியவுடன் உதறலெடுக்கும் காரைக் குறித்து நம்முட் பலர் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. “பழைய வண்டிதானே!” என்று அக்ஸிலறேற்றரைச் சற்று மிதித்துச் சமாளித்து விடுகிறோம். ஆனால், குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு காவலாளில்லாத புகையிரதக் கடவை ஒன்றில் வேகத்தைக் குறைக்கும் வேளையிலே இயந்திரம் நின்றுவிடுமாயின், அது வெறும் அசௌகரியம் அன்று. ஆகையால் இந்த நோயின் மூலத்தை வீட்டிலேயே கண்டறியும் வகையை இவ்வாரம் ஆராய்வோம்.

உதாரணத்துக்கு மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமான இவ்வண்டி நம் நாட்டுக் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் அருமையாகப் பேணப்பட்டு வருகிறது. பொனற்றைத் திறந்தால் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியுமாதலால், மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடநூல் கிடைப்பது அரிது.

வண்டி நிற்கையில் இயந்திரம் தானாக ஓடும் மந்த ஓட்டத்தையே மெக்கானிக்குகள் ஐட்லிங் என்பர். மைனரில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுற்று. நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு இருமுறை வெடிப்பதால், நிமிடத்துக்கு 1000 வெடிப்புகள். ஒரு சிலிண்டருக்கு 250. வேகமாகச் செல்கையில் ஒரு சிலிண்டர் சோம்பினாலும் கனத்த சக்கரத்தின் வேகம் அதனை மறைத்துவிடும். மந்த ஓட்டத்திலோ அந்தச் சோம்பல் வண்டி முழுவதையும் உலுக்கிவிடும்.

இந்நிலையில் பலரும் முதலிற் செய்வது காபரேற்றரின் வேகத் திருகாணியை முறுக்கி ஓட்டத்தைக் கூட்டுவதாகும். தலைவலிக்குத் தலையணையை மாற்றுவது போன்ற காரியம் இது. பெற்றோல் வீணாகும், நோயோ இருந்த இடத்திலேயே இருக்கும். திருகாணியை இறுதியிலே தான் தொடவேண்டும்.

முதலில், சூடேறிய இயந்திரத்தை வெளியிலே ஓடவிட்டு, புகைக்குழாயின் ஒலியைச் செவிமடுக்க வேண்டும். மூடிய கராஜினுள் இதனைச் செய்யவே கூடாது. கரியோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை; வீட்டோடு ஒட்டிய கராஜானால் உள்ளே உறங்குவோரையும் அது தீண்டும். ஒலியிலே ஒழுங்கான தாளத்தில் ஓர் அடி விடுபடுகிறதா? ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பது பொருள். ஏறியும் இறங்கியும் ஒழுங்கின்றி அலைகிறதா? காற்றிலோ பெற்றோற் கலவையிலோ குறை இருத்தல் கூடும்.

விடுபடும் சிலிண்டரைக் கண்டுபிடிக்கும் முறை சுலபமானது. இயந்திரத்தை நிறுத்தி, ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, மீண்டும் ஓடவிட்டுக் கேளுங்கள். கழற்றிய வயரின் நுனியைக் கையாலே தொடலாகாது. காபரேற்றர்ப் பக்கமும் விடலாகாது. நடுக்கம் அதிகரித்தால் அந்தச் சிலிண்டர் நல்லது. எதனைக் கழற்றியும் நடுக்கத்தில் மாற்றமில்லையோ, அதுவே குற்றவாளி. (கணினியும் மின்னணுத் தீப்பொறியும் உள்ள இக்காலக் கார்களில் இதனைச் செய்யாதீர்கள், எரியாத பெற்றோல் புகைக்குழாயிலுள்ள விலையுயர்ந்த வடிகலத்தைக் கெடுத்துவிடும்.)

அந்தப் பிளக்கைக் கழற்றி அதன் முகத்தைப் பாருங்கள். பழுப்பு நிறம் நலத்தைக் காட்டும். உலர்ந்த கரி பெற்றோல் மிகுதியைக் காட்டும். எண்ணெய் வழிந்திருப்பின் உள்ளே தேய்மானம் உண்டு. துப்புரவாக்கி, இடைவெளியை 0.64 மில்லிமீற்றருக்குச் சரிசெய்து, வேறொரு சிலிண்டரின் பிளக்கோடு இடம் மாற்றிப் பூட்டுங்கள். குறை பிளக்கைத் தொடர்ந்து சென்றால் புதிய பிளக் ஒன்றோடு வைத்தியம் முடிந்தது. பழைய இடத்திலேயே நின்றால் வயரையும் அவ்வாறே சோதிக்கலாம்.

அடுத்து டிஸ்ரிபியூற்றர். மாரிக் காலத்தில், அதுவும் கடலோர ஊர்களில், அதன் மூடியினுள் ஈரம் படிந்து மின்சாரத்தை வழிமாற்றிவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, மயிரிழை போன்ற வெடிப்பு உண்டோ என வெளிச்சத்திற் பாருங்கள். உள்ளேயுள்ள பொயின்றின் இடைவெளி 0.36 முதல் 0.41 மில்லிமீற்றர் வரை இருத்தல் வேண்டும். குளிர்ந்த இயந்திரத்தில் வால்வு இடைவெளி 0.3 மில்லிமீற்றர்.

தீப்பொறி சரியாயின் காற்றுக் கசிவைத் தேடவேண்டும். காபரேற்றர் பொருந்தும் காஸ்கற்றின் விளிம்பில், ஓடும் நிலையிலேயே தூரிகையாற் சவர்க்கார நீரைத் தடவுங்கள். ஓட்டத்தின் ஒலி மாறுமிடமே கசியும் இடம். சிலர் இதற்குப் பெற்றோலைத் தெளிப்பதுண்டு. மைனரில் கொதிக்கும் புகைக்குழாய் காபரேற்றருக்குக் கீழேயே இருக்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை போலும்!

இறுதியாகவே கலவை. முதலில் சோக் கம்பி முழுமையாகத் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இழுபட்டபடி நிற்கும் கம்பியே பல வண்டிகளின் முழு நோயும். பின்னர் காபரேற்றரின் பக்கத்திலுள்ள சிறு ஊசியை மெல்ல அழுத்தி, உள்ளேயுள்ள உந்தியை ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக உயர்த்துங்கள். ஓட்டம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். சோர்ந்து நின்றுவிட்டால் பெற்றோல் போதாது. கணநேரம் சற்றே கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் அளவு சரி. கீழேயுள்ள நட்டை மேலே திருகினால் பெற்றோல் குறையும், கீழே திருகினால் கூடும். ஒரு தடவைக்கு ஒரு பக்கம் மட்டும் திருகி, மீண்டும் ஊசியால் சோதியுங்கள். அதன் பின்பே வேகத் திருகாணிக்கு வேலை.

இத்தனைக்குப் பிறகும் ஒரே சிலிண்டர் சோம்புமாயின், வால்வு எரிந்திருக்கலாம், வளையங்கள் தேய்ந்திருக்கலாம். அது வீட்டு வேலையன்று. கராஜுக்குச் செல்லும்போது, “கார் நடுங்குகிறது” என்று மட்டும் கூறாமல், “முன்னாலிருந்து மூன்றாவது சிலிண்டர், பிளக்கும் வயரும் மாற்றிப் பார்த்தாயிற்று, அமுக்கத்தை அளந்து பாருங்கள்” என்று கூறுங்கள். தேவையற்ற உதிரிப்பாகங்களின் பட்டியல் உங்கள் கைக்கு வருவது அரிதாகிவிடும்.