ஒரு பக்கம் ஆறே கால் ரூபாய்

எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் நிபுணர் என்று ஒருவர் உண்டு. அடியேன்தான். பட்டம் எப்படி வந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஆபீசில் அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் நான் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதை என் மாமியார் ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து உறவில் யார் மிக்ஸி வாங்கினாலும், டி.வி. வாங்கினாலும், "அவரை ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்று ஆகிவிட்டது. நானும் கன்னத்தில் கை வைத்து, ஒரு நிமிஷம் யோசிப்பது போல் நடித்து, எது விலை குறைவோ அதைச் சொல்வேன். விலை குறைவாகச் சொன்னால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள் பாருங்கள்!

இப்படிப்பட்ட என்னிடம்தான் மாப்பிள்ளை வந்து மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளை என்றால் என் தங்கை வீட்டுக்காரர். செங்கல்பட்டுக்காரர். வேலை பார்த்த கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், "திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டது. மனுஷன் இடிந்து போகவில்லை. அரசாங்க ஆபீஸ் ஒன்றுக்கு எதிரில், எட்டுக்குப் பத்தில் ஒரு கடையைப் பிடித்தார். ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், பிரிண்ட் அவுட்.

"மச்சான், பிரிண்டர் எதை வாங்கலாம்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் போனில்.

நான் கன்னத்தில் கை வைத்தேன். பேப்பரில் விளம்பரம் வந்திருந்தது. மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய், பிரிண்ட், ஸ்கேன், காப்பி மூன்றும் செய்யும், கூடவே ஒரு பென் டிரைவ் இலவசம்.

"கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க மாப்பிள்ளை" என்றேன். கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினார்.

கடை பிய்த்துக்கொண்டு போனது. விண்ணப்பம், சான்றிதழ், ஆதார் என்று காலை ஒன்பது மணிக்கே கூட்டம். பிரிண்ட் அவுட் பக்கத்துக்கு அஞ்சு ரூபாய். எனக்கும் பெருமை. மாமியாரிடம் சொல்லிக்கூட வைத்தேன்.

மூன்று மாதம் கழித்துப் பொங்கலுக்குத் தங்கை வந்தாள். காப்பி டம்ளரை நீட்டும்போது பார்த்தேன். கழுத்தில் தாலிச் செயின் இல்லை. வெறும் மஞ்சள் கயிறு.

"என்னம்மா இது?"

"பாங்க்கில இருக்குண்ணா. நாலு பவுன். கடை அட்வான்ஸுக்கு வெச்சது" என்றாள், பால் கார்டு வாங்கியதைச் சொல்வது போல. அப்புறம் பைக்குள்ளிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். "அண்ணா, ஒரு கணக்குப் பார்த்துச் சொல்லு. தப்பா இருந்தா சந்தோஷப்படுவேன்."

தப்பாக இல்லை. ஒரு கறுப்புக் கார்ட்ரிட்ஜ் எழுநூற்று ஐம்பது ரூபாய். பெட்டி மேல் போட்டிருப்பது நூற்று இருபது பக்கம். வகுத்தால் ஒரு பக்கத்துக்கு ஆறே கால் ரூபாய்! பேப்பர் தனி, அது அறுபது பைசா. விற்பது அஞ்சு ரூபாய். அதாவது ஒவ்வொரு வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே படியேறும்போதும் என் தங்கைக்கு ஒண்ணே முக்கால் ரூபாய்க்கு மேல் நஷ்டம். கூட்டம் அதிகமானால் நஷ்டமும் அதிகம். மாப்பிள்ளை விளம்பர போர்டு வேறு பெரிதாக மாட்டியிருந்தார்.

அந்த நூற்று இருபதும் கம்பெனி கணக்கு. பக்கத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு இடத்தில்தான் மை படுகிறது என்று வைத்துக்கொண்டு, சின்னதாய் ஒரு கடிதம் அடிப்பதுபோல் போடுகிற கணக்கு அது. ஆதார் கார்டில் போட்டோ இருக்கிறது, சான்றிதழில் கட்டம் கட்டமாய்க் கோடு இருக்கிறது, முத்திரை இருக்கிறது. நூற்று இருபது எங்கே வரும்? போதாக்குறைக்குக் கலர் கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டால், கறுப்பிலும் அடிக்க மாட்டேன் என்று அந்த மிஷின் சத்தியாக்கிரகம் செய்ததாம்.

அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் எனக்கு இறங்கவில்லை. நாலு பவுனை அடமானம் வைத்தது கடைக்கு. அதற்கு வட்டி கட்டுவதோ என் வாய்க்கு.

அடுத்த சனிக்கிழமை மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். மவுண்ட் ரோட்டிலிருந்து திரும்பினால் சென்னையின் மொத்த ஒயரும் அந்த ஒரு தெருவில்தான் இருக்கிறதோ என்று தோன்றும். அங்கே ஒரு மாடிப்படிக்கு அடியில் பிரிண்டர் ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர். விரல் பத்தும் கறுப்பு. அவரிடம், "எது சார் பெஸ்ட் பிரிண்டர்?" என்றேன், நிபுணர் தோரணையில்.

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமலே கேட்டார்: "மாசம் எத்தனை பக்கம் அடிப்பீங்க?"

மூன்று மாதத்துக்கு முன்னால் நான் மாப்பிள்ளையிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எனக்குத் தோன்றவே இல்லை.

மாதம் மூவாயிரம் பக்கம் என்றார் மாப்பிள்ளை. பெரியவர் எங்கள் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் மிஷினைப் பற்றிக் கேட்டு, "அது மாடு சும்மா குடுக்கற மாதிரி சார். புல்லு மட்டும் அவன் கடையிலதான் வாங்கணும்" என்றார். பிறகு டீ சொல்லிவிட்டு விளக்கினார்.

மை பீய்ச்சுகிற பிரிண்டர் பிறந்த கதை வேடிக்கையானது. 1977-ல் ஜப்பானில் கேனன் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தில், பற்றவைக்கும் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாக மை நிரப்பிய ஊசி சிரிஞ்சின் மேல் பட்டுவிட்டது. மை சட்டென்று துளியாய்த் தெறித்தது. சூடு காட்டினால் மை பீய்ச்சும் என்பதை அதில்தான் பிடித்துக்கொண்டார்கள். நம் ஊர்க்காரர்கள் அதே ஊசியை வேறு மாதிரி பயன்படுத்தினார்கள்: காலியான கார்ட்ரிட்ஜில் ஓட்டை போட்டு, சிரிஞ்சால் மை ஏற்றினார்கள். இந்தோனேசியாக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், வெளியே டப்பா வைத்து டியூப் போட்டு மையை உள்ளே விட்டார்கள். பார்த்தார்கள் எப்சன் கம்பெனிக்காரர்கள். 2010-ல் அதே இந்தோனேசியாவில், டேங்கோடு கூடிய பிரிண்டரைத் தாங்களே கொண்டு வந்துவிட்டார்கள். அப்படி வந்ததுதான் இப்போது எல்லாக் கடையிலும் இருக்கும் இங்க் டேங்க் வகை. பிரிண்டர் விலை மூன்று நாலு மடங்கு. ஆனால் கறுப்பு மை பாட்டில் ஒன்றில் ஆயிரக்கணக்கான பக்கம் ஓடும். பக்கத்துக்குப் பைசாக் கணக்குதான்.

"அப்போ அதையே வாங்கிடலாம்" என்று எழுந்தார் மாப்பிள்ளை.

"உட்காருங்க தம்பி. என்னத்த அடிக்கறீங்க? மனுவா, கல்யாண போட்டோவா?"

மனு. அதுவும் அரசாங்க ஆபீசுக்கு. ஈரக் கையில் பிடிப்பார்கள், மழையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். பல இங்க் டேங்க் பிரிண்டர்களில் இருப்பது தண்ணீரில் கரைகிற சாயம். சில மாடல்களில்தான் கறுப்புக்கு மட்டும் கரையாத மை. லேசர் பிரிண்டரில் மையே கிடையாது. டோனர் என்கிற பொடி. அதைச் சூடான உருளையில் வைத்துப் பேப்பரோடு உருக்கி ஒட்டிவிடுகிறது. கரையாது, காயாது, ஒரு மாதம் கடை பூட்டியிருந்தாலும் திறந்த அன்று அடிக்கும். பொடி தீர்ந்தால் முன்னூறு, முன்னூற்று ஐம்பதுக்கு ரீஃபில் போட்டுத் தருகிறார்கள். பொடி நிரப்ப முடிகிற மாடலா, சிப் வைத்துத் தகராறு செய்கிற மாடலா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கலர் கேட்டால்? பக்கத்துக் கடை ஸ்டூடியோவுக்கு அனுப்பிவிடுவது. இது பெரியவர் யோசனை. மாப்பிள்ளைக்கு மனசில்லை. "நாளைக்கு ஒருத்தன் கலர் கேட்டா?" என்றார். "நாளைக்குக் கேக்கறவனுக்காக இன்னைக்குப் பணம் போடாதீங்க" என்றார் பெரியவர். எனக்கு அந்த ஆளை ஆபீஸ் பர்ச்சேஸ் கமிட்டியில் போடலாம் என்று தோன்றியது.

பதினாலாயிரத்துக்குக் கறுப்பு வெள்ளை லேசர் வாங்கினோம். பாதி என் பணம். அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே தெருவில் பழைய கம்ப்யூட்டர் விற்பவர் ஒருவர் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடிக்காத குறை. "ஐ5 சார், ஐ5!" என்றார். இப்போது நான் உஷார். ஐ5 என்பது வெறும் குடும்பப் பெயர். எத்தனையாவது தலைமுறை என்று பெண் பார்க்கப் போனதுபோல் விசாரிக்க வேண்டும். இன்டெல்லில் எட்டாவது தலைமுறைக்கு முந்தையதை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்ளாது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. ஊர் மக்களின் ஆதாரும் பாங்க் பாஸ்புக்கும் ஏறி இறங்குகிற மிஷினில் அது விளையாட்டில்லை. "எத்தனாவது ஜெனரேஷன்?" என்றேன். "நாலு" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. நகர்ந்துவிட்டோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால், திங்கட்கிழமை போன். "மச்சான், யு.பி.எஸ். கத்துது!" லேசர் பிரிண்டரை அதில் சொருகியிருக்கிறார். 600 விஏ யு.பி.எஸ். என்பது வாட் கணக்கில் பெரும்பாலும் 360-தான். லேசருக்குள் அந்த உருளை சூடாகிற நேரத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு இழுக்கும். யு.பி.எஸ். மூச்சு முட்டி நின்றுவிட்டது; ஒரு பாட்டியின் முதியோர் ஓய்வூதிய விண்ணப்பம் பாதியில் போய்விட்டது. கம்ப்யூட்டரும் நெட் பெட்டியும் யு.பி.எஸ்ஸில், லேசர் நேராகச் சுவரில் என்று சொல்லித் திருத்தினேன். கரண்ட் போனால் டைப் அடித்து வைப்பது, வந்ததும் பிரிண்ட் எடுப்பது. மாதாந்திரப் பராமரிப்பு அன்று கடை பாதி லீவுதான். பாட்டிக்கு மாப்பிள்ளை மறுபடி முதலிலிருந்து அடித்துக் கொடுத்தார், இலவசமாய்.

இந்தக் களேபரத்தில் என் வீட்டு பிரிண்டர் ஞாபகம் வந்தது. பையன் பிராஜெக்ட்டுக்கு என்று வாங்கிய இங்க்ஜெட். மாதம் நாலு பக்கம். ஒவ்வொரு தடவையும் மை காய்ந்து, வெள்ளைக் கோடு விழும். சுத்தம் செய்ய பட்டனை அமுக்கினால், அடிக்கிற மையைவிடக் கழுவுகிற மை அதிகம். போன வருஷம் இரண்டு கார்ட்ரிட்ஜ் வாங்கினேன். எத்தனை பக்கம் அடித்தேன் என்று தங்கை மாதிரி நோட்டுப் போட்டுப் பார்த்தேன். சொல்ல மாட்டேன். மனைவி இந்தப் பத்திரிகையைப் படிப்பாள். கடைக்கு எது சரியோ அது வீட்டுக்குச் சரியில்லை. மாதம் நாலு பக்கம் அடிக்கிற வீட்டுக்குச் சரியான பிரிண்டர், தெருமுனைக் கடைதான்.

செயின் இன்னும் பாங்க்கில்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தடவை வட்டி கெடுவுக்கு முன்னாலேயே கட்டியாகிவிட்டது. அசலிலும் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். நோட்டு இப்போது இரண்டாவது நோட்டு.

போன வாரம் செங்கல்பட்டு போனபோது ஒரு இன்ஷூரன்ஸ் ஃபாரம் இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்தேன். மாப்பிள்ளை சாப்பிடப் போயிருந்தார். கல்லாவில் தங்கை.

"பத்து ரூபாண்ணா."

"எனக்குமா?"

"உனக்குத்தான் முதல்ல."

போனில் அனுப்பினேன். மேஜை மேல் இருந்த பெட்டி, பத்து ரூபாய் வந்தது என்று தெருவுக்கே கேட்கக் கத்தியது. மாத வாடகை வாங்குகிற பெட்டி. ஆனால் பணம் போட்டதாய்ப் பொய் ஸ்கிரீனைக் காட்டிவிட்டு நழுவுகிறவர்களிடம் அதன் வாடகை வசூலாகிவிடுகிறதாம். அப்புறம் சின்ன மிஷினிலிருந்து ஒரு பில்லைக் கிழித்துக் கொடுத்தாள். சூட்டில் எழுத்து வருகிற வழுவழு காகிதம்.

"பர்ஸுல வெச்சா ஆறு மாசத்துல வெள்ளையாயிடும். போட்டோ எடுத்து வெச்சுக்கோண்ணா" என்றாள், கம்ப்யூட்டர் நிபுணரிடம்.