உறுமியின் குரல் பொத்தானில் அடங்குமா?

சென்ற மாசி மாதம் உசிலம்பட்டியில் என் மாணவன் ஒருவன், சிவராத்திரிக்காகத் தன் வீட்டிலேயே அமைத்த பாட்டைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினான். நன்றாகவே இருந்தது. "உறுமி வாசித்தவர் யார்?" என்று கேட்டேன். "யாரும் இல்லை சார். செயலியிலேயே இருக்கிறது, தொட்டால் போதும்" என்றான். அவன் தெருவிலேயே உறுமிக் கலைஞர்கள் இருவர் இருக்கிறார்கள்!

வீட்டில் இசையமைப்பதை நான் குறை கூறவில்லை. ஏ. ஆர். ரகுமான் சென்னையில் தம் வீட்டை ஒட்டி ஓர் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 1992இல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் இசை அங்கே உருவானதுதான். அன்று பெரும் பொருட்செலவில் கிடைத்த வசதிகள் பல இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. அவற்றை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே என் கேள்வி.

டிஜிட்டல் ஒலிப்பதிவு என்பது ஓர் அளவீடு. ஒலிவாங்கி, காற்றழுத்த மாறுதல்களை மின்னழுத்த மாறுதல்களாக்குகிறது. குறுந்தகட்டு முறையில் அதை வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகக் குறிக்கிறோம். ஏன் இத்தனை முறை? நம் செவி சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் அதிர்வைத் தவறின்றிக் குறிக்க, அதன் அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்கும் மேலாக அளக்க வேண்டும். இவ்வளவு நுட்பமான அளவுகோல் கையில் இருந்தும், அளக்க வேண்டிய பொருளை விட்டுவிடலாமா?

உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். குச்சி தோலில் ஒட்டி இழுபடும், பின் வழுக்கும், மீண்டும் ஒட்டும். வயலின் வில் தந்தியில் செய்வதும் இதுவே. கையின் அழுத்தமும் வேகமும் மாற மாற உறுமலும் குழையும். பொத்தானில் இருப்பதோ, யாரோ என்றோ வாசித்த சில துணுக்குகளே.

நம் தோற்கருவிகள் ஆராய்ச்சிக்கும் உரியவை. சாதாரண முரசின் மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் முழுஎண் மடங்குகளாக அமைவதில்லை. மிருதங்கத்திலும் தபலாவிலும் நடுவே பூசிய கருஞ்சாந்தால் அவை ஏறத்தாழ அப்படி அமைகின்றன. இதைச் சர் சி. வி. இராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

"கலைஞருக்குக் கொடுக்கப் பணம் ஏது?" என்பீர்கள். நியாயமான கேள்விதான். நண்பர்கள் நால்வர் சேர்ந்து, இயன்ற ஊதியம் பேசி, ஒரு மணி நேரம் அழைக்கலாமே! மின்விசிறியை நிறுத்துங்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும், 3.4 மீட்டர் தள்ளியுள்ள சிமெண்டுச் சுவரில் பட்டு 0.02 வினாடியில் திரும்பிவந்து பதிவைக் கெடுக்கும். எனவே சுவரில் கனமான ஜமுக்காளம் ஒன்றைத் தொங்கவிடுங்கள். கைப்பேசியை உறுமியருகே ஒட்டி வைக்காதீர்கள். ஒலி அளவுகோலை மீறினால் அலையின் முகடுகள் வெட்டுப்பட்டுவிடும்; இழந்ததைப் பின்னர் முழுமையாக மீட்க இயலாது.

பொத்தானே போதும் என்றிருந்தால் கலைஞர்களுக்கு அழைப்புக் குறையும். அவர்கள் பிள்ளைகளும் அதைக் கற்க மாட்டார்கள். பிறகு, எவ்வளவு நல்ல கருவி இருந்தும் பதிவு செய்ய ஆள் இருக்காது.

என் மாணவன் அடுத்த பாட்டுக்குத் தெருக்கோடி வீட்டுப் பெரியவரைக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறான். நீங்களும் உங்கள் தெருவில் விசாரித்துப் பாருங்கள்.