வாட்ச்மேனின் கணப்பு

டில்லியில் குளிர் வந்துவிட்டது. எங்கள் காலனி வாட்ச்மேன் இரவில் குப்பையையும் கட்டையையும் கொளுத்திக் குளிர் காய்கிறார். அபராதம் போடவேண்டும் என்றார்கள் காலனிக் கூட்டத்தில். 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் குப்பை எரித்தால் 5000 ரூபாய் என்று சொல்லியிருக்கிறதே! பேரனுக்கு மூச்சிரைப்பு, நானும் கை தூக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் மனசு கேட்கவில்லை.

லண்டனில் 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து, ஐந்தே நாளில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1956-இல் சட்டம் வந்தது. புகையில்லாப் பகுதி என்று அறிவித்த இடங்களில் வீட்டுக் கணப்பிலும் புகை கூடாது. ஆனால் அடுப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கை அரசுத் தரப்பு கொடுத்தது. பெய்ஜிங்கிலும் 2013-க்குப் பின் நிலக்கரி அடுப்பை மாற்ற மானியம் தந்தார்கள். (அவசரப்பட்டதில் 2017 குளிரில் வடசீனாவில் எரிவாயு போதாமல் ஜனங்கள் நடுங்கியதும் உண்டு.)

அவ்வளவு தூரம் போவானேன்? நீராவி இன்ஜின்கள் ஓய்ந்தபோது ரயில்வே எங்கள் ஃபயர்மேன்களுக்கு அபராதமா போட்டது? டீசல் பயிற்சியல்லவா கொடுத்தது!

வரும் ஞாயிறு கூட்டத்தில் வாட்ச்மேன் அறைக்கு ஒரு ஹீட்டர் கேட்கப் போகிறேன். கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பார்கள். முதல் மாதத்துக்கு நான் கட்டுகிறேன்.