எய்ட்டீஸ் டின்னருக்கு என்ன மெனு மச்சி?

ஃபைனல் இயர் சீனியர்களுக்கு ஹாஸ்டலில் டின்னர். தீம், எய்ட்டீஸ். பெரிய காலர் சட்டையெல்லாம் ரெடி. மெனுதான் இழுத்துச்சு.

'கோல்ட் ஸ்பாட் இல்லாம எய்ட்டீஸா?' என்றான் ஒருத்தன். எங்கே போக? 1977-ல் கோகோ கோலா இந்தியாவை விட்டுக் கிளம்பினப்போ கொடிகட்டிப் பறந்த ஆரஞ்சு கலர் அது. 1993-ல் திரும்பி வந்த கோக், பார்லேகிட்ட இருந்து அதை வாங்குச்சு. அப்புறம் ஃபேன்ட்டாவுக்கு வழிவிட்டு கோல்ட் ஸ்பாட் அவுட்! ஸோ, போவோண்டோவும் பன்னீர் சோடாவும்.

சிக்கன் 65, பரோட்டா-சால்னா, கேசரி... லிஸ்ட்டை கெத்தா மெஸ் மாஸ்டரிடம் நீட்டினோம்.

"எய்ட்டீஸ்ல நான் சின்னப் பையன் தம்பி. எங்க வீட்ல இட்லியே தீபாவளி, பொங்கலுக்குத்தான். மத்த நாள் கம்பங்கூழும் வெங்காயமும்" என்றார்.

கப்சிப். சினிமா பார்த்துப் போட்ட லிஸ்ட்னு அப்பதான் உறைச்சுது.

தலைக்கு 3 பரோட்டா 2 ஆச்சு. அந்தக் காசில் கம்பு மாவு. முதல் நாள் ராத்திரியே மாஸ்டர் காய்ச்சி வெச்சுட்டார், தொட்டுக்க மோர் மிளகாய்.

முதலில் காலியானது சிக்கன் 65தான், பொய் சொல்லலை. ஆனா, கூழ்ப் பானை பக்கம் ரெண்டு சீனியர்ஸ் மாஸ்டர்கிட்ட ரொம்ப நேரம் கதை கேட்டுட்டு இருந்தாங்க.