லோசானில் இரகசியம் எதுவுமில்லை, பகிரங்கமாக இருப்பதைப் படியுங்கள்



லோசான் உடன்படிக்கை பற்றிய அந்தப் பதிவு மறுபடியும் நமது வட்ஸ்அப் குழுமங்களில் சுற்றுகிறது. அந்த உடன்படிக்கைக்கு நூறு வருட ஆயுள்தானாம். அதுவரை துருக்கி தன் மண்ணில் எண்ணெய் தோண்டக் கூடாதாம், பொஸ்பரஸால் போகும் கப்பல்களிடம் காசு வாங்கக் கூடாதாம். 2023 ஜூலையில் காலாவதியானதும் கிலாபத் திரும்பி வருமாம். 2023 வந்தது, போனது. பதிவு மட்டும் போகவில்லை. இப்போது "இரகசிய ஷரத்து" என்று ஒரு புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

வகுப்பில் பிள்ளைகள் இதைத்தான் நம்மிடம் கேட்கிறார்கள். வரலாறு படிப்பிக்கும் நாம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

முதலில் சின்ன வேலையை முடித்துவிடுவோம். முதலாம் உலக யுத்தத்தில் வென்ற நாடுகளும் துருக்கியும் 1923 ஜூலை 24இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஒப்பமிட்ட சமாதான உடன்படிக்கை இது. 143 உறுப்புரைகள். ஒன்றிலும் காலாவதித் திகதி கிடையாது. துருக்கி 1940இலேயே ராமான் மலையில் எண்ணெய் கண்டெடுத்துவிட்டது. நீரிணை விடயத்தை 1936இல் மொன்ட்ரூவில் வேறொரு உடன்படிக்கை போட்டு மாற்றிவிட்டார்கள். கலங்கரை விளக்கம் போன்ற சேவைகளுக்குத் துருக்கி கப்பல்களிடம் இன்றும் கட்டணம் வாங்குகிறது. கிலாபத்தை ஒழித்தது லோசான் அல்ல, 1924 மார்ச் 3இல் அங்காராவின் பாராளுமன்றம். நமக்குக் கசந்தாலும் அதுதான் நடந்தது.

நமது கோபம் இந்தப் பொய்யின் மீது மட்டுமல்ல. இல்லாத ஷரத்தைத் தேடி அலைகிற நாம், அச்சில் இருக்கிற ஷரத்தை ஒருநாளும் புரட்டிப் பார்ப்பதில்லையே, அதன் மீதுதான்.

லோசானில் பெருமைப்பட விடயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. 1920 ஓகஸ்டில் செவ்ரில் வென்றவர்கள் நீட்டிய கடதாசியில் இஸ்தான்பூல் அரசு ஒப்பமிட்டது. அந்தக் கடதாசி அனத்தோலியாவையே கூறு போட்டது. அங்காரா அதை ஏற்காமல் போராடி 1922 செப்டெம்பரில் கிரேக்கப் படையைக் கடலுக்குத் துரத்தியது. அப்போதும் நேச நாடுகள் விடவில்லை. இஸ்தான்பூல், அங்காரா இரண்டு அரசுகளையும் பேச்சுக்கு அழைத்தன. இரண்டு தூதுக்குழு வந்தால் ஒன்றை மற்றதோடு மோத விடலாம் அல்லவா? அங்காரா நவம்பர் 1இல் சுல்தான் பதவியையே ஒழித்துவிட்டு ஒரே குழுவாகப் போனது. தலைவர் இஸ்மத் பாஷா ஒரு படைத் தளபதி, காது மந்தம். பிரித்தானியாவின் கர்சன் பிரபு மணிக்கணக்காக முழங்குவார். இவர் கேட்காதவர் போல இருந்துவிட்டு, முதலில் சொன்னதையே திரும்பச் சொல்வார். (அவர் அங்காராவோடு பரிமாறிய தந்திகளை பிரித்தானியர் இடைமறித்து வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.) பெப்ரவரியில் பேச்சு முறிந்தது, ஏப்ரலில் மறுபடி தொடங்கியது. வெளிநாட்டாருக்கு இருந்த விசேட சலுகைகளெல்லாம் ஒழிந்தன. தோற்றவன் என்று எழுதப்பட்ட ஒரு நாடு, தன் உடன்படிக்கையைக் கிழித்துவிட்டு மேசையில் சமமாக உட்கார்ந்து வேறொன்று எழுத வைத்தது. மாஷா அல்லாஹ்.

ஆனால் அந்த மேசையில் கதிரை கிடைக்காதவர்கள் யார்?

செவ்ரில் ஆர்மீனியாவுக்கு ஒரு அரசும், குர்திகளுக்கு சுயாட்சிக்கான ஒரு வழியும் எழுதப்பட்டிருந்தன. லோசானில் இரண்டும் இல்லை. ஆர்மீனியப் பிரதிநிதிகளை மாநாட்டின் தரப்பாக ஏற்கவே இல்லை. சிறுபான்மைப் பாதுகாப்பு "முஸ்லிமல்லாதோர்" என்று எழுதப்பட்டதால், முஸ்லிம்களான குர்திகள் சிறுபான்மையே இல்லை என்றாகிவிட்டது. உடன்படிக்கையோடு சேர்த்து ஒரு பொதுமன்னிப்புப் பிரகடனமும் ஒப்பமானது. 1914 ஓகஸ்ட் 1 முதல் 1922 நவம்பர் 20 வரை, அரசியல் நிகழ்வுகளோடு தொடர்பான குற்றங்களுக்கு மன்னிப்பு. 1915இல் ஆர்மீனியர்களுக்கு நடந்தது அந்தத் திகதிகளுக்குள்தான் வருகிறது.

இனி நாம் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி. உடன்படிக்கைக்கு ஆறு மாதம் முன்னரே, 1923 ஜனவரி 30இல், அதே லோசானில் துருக்கியும் கிரேக்கமும் இன்னொரு கடதாசியில் ஒப்பமிட்டன. துருக்கியிலுள்ள கிரேக்க ஓர்தடொக்ஸ் கிறிஸ்தவர்களும் கிரேக்கத்திலுள்ள முஸ்லிம்களும் கட்டாயமாக இடம் மாற்றப்படுவார்கள். உரிய அரசின் அனுமதியின்றி எவரும் திரும்பிப் போய்க் குடியேறக் கூடாது. இஸ்தான்பூல் கிரேக்கர்களுக்கும் மேற்குத் திரேஸ் முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்கு. கிட்டத்தட்ட 12 இலட்சம் கிறிஸ்தவர்கள், மூன்றரை முதல் நான்கு இலட்சம் முஸ்லிம்கள். ஒருவரிடமும் விருப்பம் கேட்கவில்லை.

அளவுகோல் மார்க்கம் மட்டும்தான். கிரீட் தீவு முஸ்லிம்களில் பெரும்பாலோரின் தாய்மொழி கிரேக்கம். துருக்கி மொழி தெரியாமலே துருக்கிக் கரையில் இறங்கியவர்கள் ஏராளம். மறுபக்கம் கரமன் பகுதிக் கிறிஸ்தவர்கள் வீட்டில் பேசியது துருக்கி மொழி, அதைக் கிரேக்க எழுத்தில் எழுதியவர்கள். இரண்டு சாராரும் "சொந்த நாடு" என்று அனுப்பப்பட்ட இடத்தில் அந்நியராகவே நின்றார்கள்.

பேசும் மொழி ஒன்று, மார்க்கம் வேறு. இது யாருடைய கதை என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நாம் தமிழ் பேசியது நமக்கு உதவவில்லை. ஆனால் நமது ஆட்கள் திரும்பக் கூடாது என்று எந்தச் சர்வதேசக் கடதாசியும் சொல்லவில்லை. அதனால்தான் புத்தளத்தின் ஓலைக் குடிசைகளிலிருந்து "எங்கள் மண்ணுக்குத் திரும்புவோம்" என்று கேட்க முடிந்தது. 2002 ஏப்ரல் 13இல் கிளிநொச்சியில் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் ஒப்பமிட்டபோது மீள்குடியேற்றத்தை எழுத்தில் வாங்க முடிந்தது. அது எவ்வளவு நிறைவேறியது என்பது வேறு கதை. லோசான் மாதிரி ஒரு பத்திரம் இங்கே ஒப்பமாகியிருந்தால், அந்தக் கோரிக்கையை வைக்கவே சட்டத்தில் இடமிருந்திருக்காது.

அதே 2002 பெப்ரவரி யுத்தநிறுத்த உடன்படிக்கையில் ஒப்பம் இரண்டுதான், அரசும் புலிகளும். முஸ்லிம்களும் பாதிக்கப்பட்டார்கள் என்று முன்னுரையில் ஒரு குறிப்பு. பேச்சுவார்த்தையில் தனித்தரப்பு கேட்டோம், கிடைக்கவில்லை. நமது தலைவர் அரசாங்கக் குழுவில் ஒருவராகப் போனார். 2005இல் சுனாமி நிவாரணப் பொதுக்கட்டமைப்புக்கும் அதே இரண்டு ஒப்பம்தான். அப்போது நாம் எப்படிக் கொதித்தோம்? நம்மைப் பற்றி நாமில்லாமல் முடிவெடுக்க இவர்கள் யார் என்று கேட்டோம். நியாயமான கேள்வி. அதைக் கேட்ட அதே வாய்தான் இன்று லோசானை வெற்றி என்று மட்டும் பேசுகிறது.

"இடமாற்றம் இல்லாவிட்டால் இன்னும் இரத்தம் ஓடியிருக்கும்" என்று சில நானாமார் எழுதுகிறார்கள். இதுதான் அன்றும் சொல்லப்பட்ட நியாயம். ஒரு விபரத்தைப் பாருங்கள். பேச்சு தொடங்கும் முன்னரே கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் உயிருக்குப் பயந்து ஓடிவிட்டார்கள். அந்தக் கடதாசி அவர்களைக் காப்பாற்றவில்லை, திரும்பும் வழியை அடைத்தது. மாறாக, கிரீட்டிலும் மக்கெதோனியாவிலும் முஸ்லிம்களில் பெரும்பாலோர் இன்னும் தங்கள் வீட்டில், தங்கள் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். அவர்களைக் கிளப்பிய கடதாசியில் ஒரு முஸ்லிம் நாட்டின் ஒப்பமும் இருக்கிறது. ஏகாதிபத்தியவாதி கர்சனுக்கே இந்தத் தீர்வு பிடிக்கவில்லை, கெட்ட தீர்வு என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். ஆனாலும் நடத்திக் கொடுத்தார். விலக்குப் பெற்ற இஸ்தான்பூல் கிரேக்கர்கள் அன்று ஒரு இலட்சத்துக்கும் மேல். 1955 கலவரமும் 1964 வெளியேற்றமும் போக இன்று மிஞ்சியிருப்பது சில ஆயிரம் பேர்.

உடன்படிக்கையும் ஜனவரி 30 கடதாசியும் இணையத்தில் முழுதாகக் கிடக்கின்றன. பதிவைப் பகிரும் நானாமாரும் தாத்தாமாரும் தயவுசெய்து ஒரு தடவை வாசியுங்கள். அதற்குப் பிறகும் இரகசிய ஷரத்து இருக்கிறது என்பவர்கள் உறுப்புரை இலக்கத்தைக் கீழே கமெண்டில் போடுங்கள், பிள்ளைகளோடு சேர்ந்து தேடிப் பார்க்கிறோம்.