விளக்கு வைத்த பிறகு எங்கே போவது?

சகோதரிகளே, விளக்கு வைத்த பிறகு ஓர் ஆம்பிள்ளை, "சும்மா இப்படிப் போயிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டினால் வீட்டில் யாரும் எங்கே என்று கேட்பதில்லை. அதே வார்த்தையை நாம் ஒரு நாள் சொல்லிப் பார்ப்போமே! "சும்மான்னா எங்கே? எதுக்கு? யாரோட?" என்று மாமியாரில் தொடங்கி எதிர்வீட்டு ஆயா வரை விசாரணைதான். கோயிலுக்கு, கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, இழவு வீட்டுக்கு என்றால் சரி. சும்மா என்றால் சரியில்லை.

இந்த நினைப்பைக் கிளப்பிவிட்டவள் என் அக்கா மகள். அயர்லாந்து தேசத்தில் நர்ஸ் வேலை. போன மே மாதம் லீவில் வந்தவள், எங்கள் ஆட்டையாம்பட்டி வீட்டில் நாலு நாள் இருந்தாள். முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டே, "அங்கே ராத்திரிப் பொழுது எப்படிம்மா போகும்?" என்று கேட்டேன். "வேலை முடிஞ்சா எல்லாரும் பப்புக்குப் போவோம் சித்தி" என்றாளே பார்க்கலாம்! எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. "அடிப்பாவி, கள்ளுக்கடைக்கா?"

அவள் சிரித்துவிட்டு விவரமாகச் சொன்னாள். பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கமாம், பொது வீடு. பீர், விஸ்கி விற்கிற இடம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சூப்பும் சாப்பாடும் டீயும் உண்டு. குழந்தைகளையும் பெற்றோர் கூட்டி வரலாம், 15 வயதுக்குக் கீழ் என்றால் சாதாரணமாக இரவு 9 மணிக்குள் கிளம்பிவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஒரு மூலையில் நாலு பேர் பிடிலும் புல்லாங்குழலும் கையால் தட்டுகிற ஒரு தோல் வாத்தியமும் வாசிப்பார்களாம். டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது. டூலின் என்ற கடலோரக் கிராமத்துக்கு இந்தப் பாட்டைக் கேட்பதற்கென்றே ஜனங்கள் வருகிறார்களாம். அத்லோன் என்ற ஊரில் 900ஆம் ஆண்டிலிருந்து நடப்பதாகச் சொல்லிக்கொள்ளும் பப் ஒன்று உண்டு. டிங்கிள் என்ற ஊரில் ஒரு பக்கம் ஆணி, சுத்தியல் வியாபாரம், மறுபக்கம் பீர்! ஃபெத்தார்டில் ஒரு பப்பின் முதலாளியே சவ அடக்க ஏற்பாடும் செய்து கொடுக்கிறாராம். அதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் முறுக்கு கோணலாகிவிட்டது. 2004ல் உலகத்திலேயே முதல் தேசமாக வேலையிடங்களில் எங்கும் புகை பிடிக்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள், பப்புக்குள்ளும் சிகரெட் நின்றுவிட்டது.

"நான் ஆரஞ்சு ஜூஸ்தான் குடிப்பேன், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பேசத்தான் போறோம்" என்றாள். நம்பினேன். நம்பாவிட்டால் மட்டும் என்ன செய்ய முடியும்?

ஆனால் அங்கேயும் பெண்களுக்கு இந்தச் சௌகரியம் லேசில் கிடைத்துவிடவில்லை. அந்தக் காலத்தில் கடையோரம் மரத்தடுப்பு வைத்த சின்ன அறை ஒன்று இருக்குமாம். பெண்கள் அதற்குள் உட்கார்ந்து, யார் கண்ணிலும் படாமல் குடித்துவிட்டுப் போக வேண்டும். 1970களில்கூடப் பல கடைகளில் பெண்ணுக்குப் பெரிய கிளாஸில் பீர் ஊற்ற மாட்டார்கள், அரை கிளாஸ்தான். அதற்காக ஒரு தடவை முப்பது பெண்கள் டப்ளின் நகரத்தில் ஒரு பப்புக்குள் போய், ஆளுக்கொரு பிராந்தி வாங்கிக் குடித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு பெரிய கிளாஸ் பீர் கேட்டார்களாம். கடைக்காரர் மாட்டேன் என்றதும், "அப்படியானால் நாங்களும் காசு தர மாட்டோம்" என்று எழுந்து வந்துவிட்டார்களாம்! குடியை நான் மெச்சவில்லை அம்மா, அந்தத் துணிச்சலைத்தான் சொல்கிறேன். பெண் என்பதற்காக மறுக்கக் கூடாது என்று சட்டம் வந்ததே 2000ல்தான்.

இப்படிக் குடிக்குப் பெயர்போன அந்தத் தேசத்தில்தான் 1838ல் மாத்யூ என்ற பாதிரியார், கார்க் நகரத்தில் 'இனிக் குடிப்பதில்லை' என்று சத்தியம் வாங்க ஆரம்பித்து, லட்சக்கணக்கானவர்களை மாற்றினார். இதை அவள் சொன்னதும் எனக்கு எங்கள் ஜில்லாதான் ஞாபகம் வந்தது. இந்தியாவில் மதுவிலக்கை முதன்முதலில் அமல்படுத்திய ஜில்லா எங்கள் சேலம்தான். 1937 அக்டோபர் 1ந் தேதி, ராஜாஜி மந்திரிசபை செய்தது. அவர் சேலத்தில் வக்கீலாக இருந்தவர், நகரசபைத் தலைவராகவும் இருந்தவர். இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லக்கூடிய திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் 1925ல் காந்தி ஆசிரமம் தொடங்கி, 1929ல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற மாதப் பத்திரிகை நடத்தினார். அதில் உதவியாசிரியராக இருந்தவர் நம் கல்கி. மதுவிலக்கால் சர்க்காருக்கு வந்த நஷ்டத்தை ஈடுகட்ட 1939ல் விற்பனை வரி வந்தது. பில்லைப் பார்த்து நாம் பெருமூச்சு விடுகிறோமே, அதன் பூர்வீகம் இதுதான்.

என் அம்மாயிக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. அவள் சொல்லுவாள்: "கடையைச் சாத்துன அன்னைக்கு ராத்திரி எங்கப்பன் திண்ணையில உக்காந்தாரு. எந்திரிச்சாரு. மறுபடி உக்காந்தாரு. என்ன பண்றதுன்னே தெரியல அவருக்கு. ஆத்தா பயந்துக்கிட்டு அவரையே பாத்துக்கிட்டிருந்தா." கடையை மூடினால் மட்டும் போதாது, சாயங்காலப் பொழுதுக்கு வேறு ஏதாவது வேண்டும் என்று அப்போதே யோசித்து, பஜனை, விளையாட்டு, கூத்து என்று கிராமங்களில் ஏற்பாடு செய்தார்களாம். அம்மாயியின் அப்பா பஜனையில் தாளம் போடப் போய், சாகும்வரை தாளம் போட்டார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1948ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு, 1971ல் தளர்ந்தது, திரும்ப மூடினார்கள், திரும்பத் திறந்தார்கள். 2003 இறுதியிலிருந்து சில்லறைக் கடைகளையும் சர்க்காரே நடத்துகிறது.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. எங்கள் வீட்டுக்காரர் சனிக்கிழமை தவறாமல் சிநேகிதர்களோடு போய்விடுவார். சனி வெள்ளியாகி, வெள்ளி வியாழனாகியது. கேட்டால், "குடிக்கவா போறேன்? நாலு பேர்கிட்ட வாய்விட்டுப் பேசத்தான் போறேன்" என்பார். எத்தனை அழுகை, எத்தனை சண்டை! மூன்று வருஷத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்த டாக்டர், கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, இப்போதே விட்டால் குறைய வழியுண்டு என்றார். விட்டார்.

(இங்கே ஒரு வார்த்தை. தினமும் நிறையக் குடித்துப் பழகியவர்கள் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், பிதற்றல், வலிப்புகூட வரலாம். வீட்டிலேயே அடைத்து வைத்து வைத்தியம் பார்க்காதீர்கள். டாக்டர் யோசனைப்படிதான் நிறுத்த வேண்டும்.)

விட்டதும் நான் கொழுக்கட்டை செய்து பிள்ளையாருக்குப் படைத்தேன். ஆனால் முதல் சனிக்கிழமை சாயங்காலம் அவர் வாசலில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். எனக்கு அம்மாயி சொன்னது அப்படியே கண்முன் வந்து நின்றது. பேசத்தான் போனேன் என்று அவர் சொன்னதில் பாதியாவது நிஜம் இருந்திருக்கிறது! "ஏனுங்க, சேலத்துக்குப் போயிட்டு வரலாமா? சும்மா" என்றேன். இருபது கிலோமீட்டர் சுமார்தான், டவுன் பஸ் இருக்கிறது.

போய் நின்ற இடம் ஒரு தட்டுவடை செட் வண்டி. வெளியூர்ச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். தட்டுவடை என்றால் தட்டை. ஒரு தட்டுவடை மேல் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி தடவி, வெங்காயம், பீட்ரூட், காரட் துருவலை அள்ளி வைத்து, மேலே இன்னொரு தட்டுவடையை மூடிக் கையில் கொடுப்பார்கள். ஒரே வாயில் போட வேண்டும். அரைகுறையாகக் கடித்தால் பாதி புடவையில்தான். பூண்டு செட், மாங்காய் செட், தட்டுவடைக்குப் பதில் முறுக்கு வைத்த முறுக்கு செட், எல்லாவற்றையும் நொறுக்கிக் கலந்த நொறுக்கல் என்று வகைகள் உண்டு. முறுக்கு செட் என்றால் எனக்கு ஒரு கர்வம், கைமுறுக்குக்குப் பேர்போன ஊர்க்காரி அல்லவா! செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை, அக்ரஹாரத் தெருக்கள் என்று எங்கே திரும்பினாலும் சாயங்காலம் வண்டி நிற்கும். நெசவுக்காரர்கள் நிறைந்த அம்மாப்பேட்டையில், நாள் முழுக்கத் தறியோடு கிடந்த பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கே போனாய் என்று அவர்களை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அக்கா மகள் சொன்ன பொது வீடு இங்கே கூரை இல்லாமல் நிற்கிறது. பிடில்தான் இல்லை, பக்கத்து டீக்கடை ரேடியோ உண்டு.

ஆடி மாதம் வந்தால் இன்னும் விசேஷம். கோட்டை மாரியம்மன் பண்டிகையை ஒட்டி எல்லாப் பேட்டை மாரியம்மன் கோயில்களிலும் திருவிழா. குகையிலும் அம்மாப்பேட்டையிலும் ராத்திரி வண்டி வேடிக்கை நடக்கும். சாமி வேஷம் போட்டவர்கள் அலங்கார வண்டிகளில் ஊர்வலமாக வருவார்கள். அசையாமல் நிற்கிற அந்த அம்மனைப் பார்த்துக் குழந்தைகள் கன்னத்தில் போட்டுக்கொள்வதைப் பார்க்க வேண்டுமே! சாயங்காலமே போய்த் திண்ணையோரம் இடம் பிடித்துவிடுங்கள். கைக்குழந்தைக்குக் காதில் பஞ்சு வையுங்கள், மேளச் சத்தம் காதைத் துளைக்கும்.

இளம் தாய்மார்களுக்கு: துருவல் மூடி வைக்காத வண்டியில் வாங்காதீர்கள், மழை நாளில் தவிர்த்துவிடுங்கள். சின்னப் பிள்ளைக்குச் சிவப்புச் சட்னி வேண்டாம், பச்சையும் தொட்டுக்கொள்ளும் அளவுக்குத்தான். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் ஒரு செட்டோடு நிறுத்துங்கள், உப்பும் எண்ணெயும் ஜாஸ்தி. இன்னொன்று, மறுநாள் காலையில் பிள்ளை சிவப்பாக ஒன்றுக்குப் போனால் பதறாதீர்கள், பீட்ரூட் வேலை. என் ஓரகத்தி இது தெரியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். ஓரிரு நாளில் தெளியாவிட்டால் மட்டும் காட்டுங்கள்.

வீட்டிலும் செய்யலாம். கொத்தமல்லி, புதினா, பச்சைமிளகாய், உப்பு சேர்த்து அரைத்து எலுமிச்சை பிழிந்தால் பச்சைச் சட்னி. காய்ந்த மிளகாயை ஊறவைத்துப் பூண்டு, உப்போடு அரைத்தால் சிவப்பு. சேர்த்தவுடன் சாப்பிட வேண்டும், ஐந்து நிமிஷம் போனால் தட்டுவடை நமுத்துவிடும். ஆனால் சகோதரிகளே, செய்கிறவளும் நாம், பரிமாறுகிறவளும் நாம், பாத்திரம் தேய்க்கிறவளும் நாம் என்றால் அப்புறம் அது வெளியே போனதாகுமா?

எங்கள் வீட்டுக்காரருக்கு இப்போது அந்த வண்டியருகே நாலைந்து சிநேகிதர்கள். ஒருவர் வெள்ளிக்கொலுசுப் பட்டறைக்காரர், ஒருவர் ரிட்டையர் ஆன வாத்தியார். மாங்காய் விலையிலிருந்து மந்திரிசபை வரை பேசுகிறார்கள். வாத்தியாரின் சம்சாரமும் நானும் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் பேச்சைப் பேசுகிறோம். போன சனிக்கிழமை பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவர் வந்து கூப்பிட்டார். "சித்த இருங்க, பேசி முடிக்கல" என்றேன்.

உங்கள் ஊரில் விளக்கு வைத்த பிறகு பெண்கள் போய் உட்காரக்கூடிய இடம் எது? எழுதுங்கள். போகும் வழி, பஸ் வசதி, என்ன சாப்பிடலாம் என்பதையும் சேர்த்து எழுதினால் மற்றவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.