பழவேற்காடு எவர்க்குரியது?

கடல் கடந்த சிறு நிலங்களைக் குறித்து வல்லரசுகள் வழக்காடும்பொழுது, கொடி எவருடையதோ குடிகளும் அவருடையவரே என்பது பழைய வாதம். 1982ஆம் ஆண்டில் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் ஃபாக்லண்டுத் தீவுகளுக்காகப் போரிட்டன. அத்தீவினரை வாக்கெடுத்துக் கேட்டதோ 2013ஆம் ஆண்டில்தான். பிரிட்டனோடிருக்க மறுத்து வாக்களித்தவர் மூவரே. நம் பழவேற்காட்டு மீனவரை அவ்வாறு ஒருமுறையேனும் கேட்டார் உண்டோ?

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அங்கே குடியேறினர். 1610இல் ஒல்லாந்தர், விசயநகர வேந்தர் இரண்டாம் வேங்கடபதியின் இசைவு பெற்று வந்து, 1613இல் கெல்டிரியாக் கோட்டையை முடித்தனர். தம் நாட்டு மாகாணம் ஒன்றன் பெயரையே அதற்கிட்டனர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடம் அதுவே. அங்கிருந்து சென்ற துணியினால் மலாய் நாட்டார் கைலியை இன்றும் பழவேற்காட்டின் பெயர் திரிந்த 'பெலிக்கட்' என்னும் சொல்லாலேயே வழங்குவர். துணி சென்ற வழியே அடிமைகளாக மக்களும் பத்தாவியாவிற்குக் கப்பலேற்றப்பட்டனர் என்பதை மறைத்தல் தகாது.

1781இலும் 1795இலும் ஆங்கிலேயர் அவ்வூரைக் கைப்பற்றினர். இருமுறையும் பின்னர்த் திருப்பித் தந்தனர். இறுதியில் 1824ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் இலண்டனில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. சுமத்திராவிலிருந்த பென்கூலன் ஒல்லாந்தருக்கு. மலாக்காவும், இந்தியாவில் ஒல்லாந்தருக்கிருந்த இடங்களனைத்தும் ஆங்கிலேயருக்கு. இவ்வாறு 1825இல் பழவேற்காடு கைமாறிற்று. சந்தையில் மாடு மாற்றுவோர்கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பர்!

கோட்டையில் எக்கொடி பறந்தபோதும், ஏரிநீரில் நடந்த ஆட்சி வேறு. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்றொரு முறை உண்டு. எந்நாளில் எவ்விடத்தில் எவர் வலையிடுவது என்பதை ஊரார் கூடிச் சீட்டிட்டு முடிவு செய்வர்; மீறினோர் ஊர்முன் நிற்றல் வேண்டும். உரிமை, எல்லை, நீதி ஆகிய மூன்றும் அதனுள் அடங்கியிருத்தலின், அதனை ஒரு சிற்றரசு எனினும் பொருந்தும். அது குற்றமற்றதென்று யாம் கூறோம். சீட்டு ஆடவர்க்கே உரியது. பிற குலத்தார் அதனுள் புக இயலாது. இக்குறையைக் களைதல் வேண்டும். ஆயின், குறையுடைமை பற்றியே அம்முறையை இல்லாததாகக் கருதும் உரிமை எவ்வரசுக்கும் இல்லை.

1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தது. ஏரியின் பெரும்பகுதி அப்பாற்பட்டது. கடலோடு கலக்கும் தென்முகம் தமிழ்நாட்டிற்பட்டது. இருகரையிலும் தமிழும் தெலுங்கும் கலந்தே வழங்குகின்றன. இறாலும் மடவையும் முகத்துவாரத்தின் வழி ஏறி வருவன. அவற்றைத் தொடர்ந்து செல்லும் படகோ எல்லை மீறியதாகிவிடுகின்றது. வலை பறிக்கப்படுகின்றது; படகு பிடிபடுகின்றது; மொழியின் பேரால் ஒரு தொழிலார் இரு பகைவராகின்றனர். பசித்தவன் வலைக்கு எந்நாட்டு முத்திரை வேண்டும்?

1954 அக்டோபர் 18ஆம் நாள், பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளின் எதிர்காலம் குறித்துக் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினர்; 170 பேர் இந்தியாவோடு இணைய இசைந்தனர். நேரடிப் பொதுவாக்கு அன்றாயினும், கேட்டல் வேண்டுமென்னும் எண்ணமேனும் ஆங்கு இருந்தது. ஏரி வழக்கில் அதுவும் இல்லை.

நிலத்தின் எல்லை உள்ளவாறே நிற்க; நீரில் மட்டும் இருகரை மீனவர்க்கும் பொதுவுரிமையை இரு மாநிலங்களும் எழுத்தில் ஒப்புக்கொள்க என்பதே எமது கருத்து. அதனை எழுதுமுன் அலுவலர் அக்குப்பங்களுக்குச் செல்வாராக. எத்திங்களில் எவ்வலை எத்துறையில் இறங்கும் என்பதை மணலிலேயே வரைந்து காட்டவல்ல முதியோர் அங்கு உளர்.